நெடுந்தூர லாரிப் பயணத்தில் இ-வே பில் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி

ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கை வாகனத்தில் ஏற்றி அனுப்புவதற்கு, ஜிஎஸ்டி சட்டப்படி இணையத்தில் எடுக்கும் சரக்குச் சீட்டான இ-வே பில் வேண்டும் என்பது சரக்குத் தொழிலில் இருப்பவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. மாநிலங்களுக்கு இடையே செல்லும் சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், தமிழ்நாட்டுக்குள்ளேயே செல்லும் சரக்குக்கு அதே ஆண்டு ஜூன் 2 முதலும் இந்த முறை நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் வரம்பு ஒரு லட்சம் ரூபாய். பில் எடுப்பது இன்று எந்தப் புக்கிங் அலுவலகத்திலும் சில நிமிட வேலைதான். அந்தப் பில்லைச் சரக்கு இறங்கும் வரை உயிரோடு வைத்திருப்பதில்தான் சிக்கல் வருகிறது. அதுவும், ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு அநேகமாகச் சிக்கல் வருவதில்லை. குடோனிலும், பட்டறையிலும், சரக்கு இறக்க வேண்டிய நிறுவனத்தின் வாசலிலும் நின்றுகொண்டிருக்கும் வண்டியின் பில்தான் காலாவதியாகிறது. ஆகவே, பயணத்தின் வேகத்தைவிட, வண்டி எங்கெங்கே நிற்கக்கூடும் என்பதைக் கணக்கில் வைத்தே கீழ்க்காணும் வழிமுறைகள் சொல்லப்படுகின்றன.

நாள் கணக்கு எப்படி ஓடுகிறது

சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டர் வரை ஒரு நாள். அதற்கு மேல் ஒவ்வொரு 200 கிலோமீட்டருக்கும், அல்லது அதன் பகுதிக்கும், மேலும் ஒரு நாள். 2020 முடியும் வரை இது 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்றிருந்தது. 2021 ஜனவரி 1 முதல் அந்தச் சலுகை பாதியாகச் சுருங்கியது. பழைய கணக்கை மனத்தில் வைத்திருப்பவர்கள் இன்னும் சில அலுவலகங்களில் இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னையிலிருந்து மும்பைக்குச் சுமார் 1,340 கிலோமீட்டர் என்று கொண்டால் ஏழு நாள் கிடைக்கும். சரியாக 2,200 கிலோமீட்டர் என்றால் பதினொரு நாள். அதுவே 2,210 ஆனால் பன்னிரண்டு நாள்.

ஒரு நாள் என்பது இருபத்துநான்கு மணி நேரம் அன்று. பில் உருவான தேதிக்கு மறுநாள் முடிகிற நள்ளிரவில்தான் முதல் நாள் முடிவதாக ஜிஎஸ்டி விதி 138 கணக்கிடுகிறது. மார்ச் 14 அன்று எந்த நேரத்தில் பில் எடுத்தாலும், மார்ச் 15 முடியும் நள்ளிரவு வரை முதல் நாள்தான். இதிலிருந்து கிடைக்கும் நன்மையைப் பலர் கவனிப்பதில்லை. மார்ச் 14 இரவு 11.50 மணிக்குப் பில் எடுத்தால் முதல் நாள் 15 ஆம் தேதியோடு முடிந்துவிடும். இருபது நிமிடம் பொறுத்து, 12.10 மணிக்கு எடுத்தால் தேதி 15 ஆகிவிடுவதால் முதல் நாள் 16 ஆம் தேதி முடியும் வரை நீடிக்கும். வண்டி எப்படியும் நள்ளிரவுக்குப் பிறகுதான் கிளம்பப் போகிறது என்றால், முன்கூட்டியே பில்லை முடித்து வைக்கும் சுறுசுறுப்பு ஒரு முழு நாளைத் தின்றுவிடும்.

பில் இரண்டு பகுதிகளைக் கொண்டது. பகுதி ஏ-யில் அனுப்புநர், பெறுநர், விலைப்பட்டியல், சரக்கு ஆகிய விவரங்கள் இருக்கும். பகுதி பி-யில் வாகன எண் இருக்கும். பகுதி பி முதன்முறையாக நிரப்பப்படும் கணத்திலிருந்துதான் நாள் கணக்கு ஓடத் தொடங்குகிறது. பகுதி ஏ-யை மட்டும் நிரப்பிய சீட்டு சாலையில் செல்லாது, ஆனால் பதினைந்து நாள் வரை பகுதி பி-க்காகக் காத்திருக்கும். அனுப்புநரின் இடத்திலிருந்து அதே மாநிலத்துக்குள் 50 கிலோமீட்டருக்குள் உள்ள போக்குவரத்து நிறுவனத்தின் குடோனுக்குச் சரக்கைக் கொண்டுவருவதற்குப் பகுதி பி தேவையில்லை என்று விதியே விலக்களிக்கிறது. ஆயினும், சரக்கைக் குடோனுக்கு எடுத்துவரும் சிறிய வண்டியின் எண்ணை அனுப்புநரின் கணக்கர் ஆர்வத்தோடு பகுதி பி-யில் போட்டுவிடுவது அன்றாடம் நடக்கிறது. அந்த நிமிடமே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். சரக்கோ பெரிய லாரி நிரம்பும் வரை குடோனில் இரண்டு மூன்று நாள் கிடக்கும். பகுதி லோடு எடுக்கும், அதாவது பலருடைய சரக்கைச் சேர்த்து ஒரே லாரியில் அனுப்பும், நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு முதலில் சொல்லிவைக்க வேண்டியது இதைத்தான்: பகுதி ஏ-யையும் எங்கள் போக்குவரத்தாளர் எண்ணையும் மட்டும் நிரப்புங்கள், வண்டி எண்ணை நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.

காற்றாலை இறக்கை, பெரிய மின்மாற்றி போன்று, பிரிக்க முடியாத ஒற்றைப் பொருளாக அளவு வரம்பை மீறிச் செல்லும் சரக்குக்குக் கணக்கு வேறு. அங்கே 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள். 640 கிலோமீட்டர் பயணத்துக்கு முப்பத்திரண்டு நாள் கிடைக்கும் என்றால், அது தாராளம் போலத் தெரியும். பகலில் மட்டும், அனுமதி கிடைத்த சாலையில் மட்டும் ஊர்ந்து செல்லும் டிரெய்லருக்கு அது தாராளம் அன்று. பகுதி பி-யில் வாகன வகை என்ற இடத்தில் இதற்குரியதைத் தேர்ந்தெடுக்காமல் சாதாரண வகையை விட்டுவிட்டால், அதே 640 கிலோமீட்டருக்கு நான்கு நாள்தான் கிடைக்கும். அதிக நாள் கிடைக்கிறதே என்று சாதாரணச் சரக்குக்கு இந்த வகையைத் தேர்ந்தெடுப்பவர்களும் இருக்கிறார்கள். சோதனையில் வண்டியைப் பார்த்தவுடனேயே வெளிப்பட்டுவிடும் பொய் அது.

வண்டி கிளம்புமுன்

அனுப்பும் இடம், சேரும் இடம் ஆகியவற்றின் அஞ்சல் குறியீட்டு எண்களைக் கொண்டு தூரத்தை, பில் எடுக்கும் இணையதளமான வலைவாசலே கணக்கிட்டுக் காட்டுகிறது. அதைவிடப் பத்து விழுக்காடு வரை மட்டுமே கூட்டிப் போட அனுமதி உண்டு. 655 கிலோமீட்டர் என்று காட்டினால் 720 வரை போடலாம். சுற்றுவழியில் போக வேண்டியிருக்கும், வழியில் இன்னொரு கிளையில் சரக்கு இறக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தால், இந்தப் பத்து விழுக்காட்டை நேர்மையாகவே பயன்படுத்திக்கொள்ளலாம். சில நேரங்களில் பத்து இருபது கிலோமீட்டர் கூடுவதால் ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் குறியீட்டு எண்ணையே மாற்றிப் போட்டுத் தூரத்தை நீட்டுவது ஆபத்தானது. சிறு பிழைகளைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று 2018 செப்டம்பர் 14 ஆம் தேதி வெளியான, மத்திய மறைமுக வரி வாரியத்தின் 64 ஆம் எண் சுற்றறிக்கை அதிகாரிகளுக்கு அறிவுறுத்துகிறது. அதுகூட, குறியீட்டு எண் பிழையால் செல்லுபடிக் காலம் கூடியிருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அந்தப் பிழையை மன்னிக்கிறது.

அடுத்தது, போக்குவரத்தாளர் எண். நடுவழியில் பில்லை நீட்டிக்க வேண்டிய நிலை வரும்போது, அப்போதைய பதிவின்படி அந்தப் பில்லுக்குப் போக்குவரத்தாளராக இருப்பவர் மட்டுமே நீட்டிக்க முடியும். போக்குவரத்தாளர் எவரும் குறிப்பிடப்படாமல், அனுப்புநரே வண்டி எண்ணை நிரப்பியிருந்தால், நீட்டிக்கும் பொறுப்பும் அனுப்புநரிடமே இருக்கும். லாரி அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு துடித்தாலும் அவரது கணக்கில் அந்தப் பில் தெரியாது. சரக்கை எடுத்த நிறுவனம் வேறொரு நிறுவனத்தின் லாரிக்கு லோடை மாற்றிக் கொடுத்து, பில்லையும் அவர்கள் பெயருக்கு மாற்றிவிட்டால், அதன் பிறகு முதல் நிறுவனத்துக்கு அதிகாரம் இல்லை. எனவே ஒவ்வொரு லோடுக்கும் பயணச் சீட்டிலேயே, நீட்டிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது, அவரை இரவில் எந்த எண்ணில் அழைக்க வேண்டும் என்று எழுதிவைப்பது நல்லது. ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறிய லாரி உரிமையாளர்களும் வலைவாசலில் பதிந்து பதினைந்து இலக்கப் போக்குவரத்தாளர் எண்ணைப் பெறலாம். தொடர்ந்து வெளிமாநிலம் ஓட்டுபவர்கள் அதைப் பெறாமல் இருப்பதற்குக் காரணமே இல்லை.

விலைப்பட்டியலின் வயதையும் பார்க்க வேண்டும். 2025 ஜனவரி 1 முதல், 180 நாளுக்கு மேற்பட்ட ஆவணத்தின் பேரில் பில் எடுக்க முடியாது. எத்தனை முறை நீட்டித்தாலும் முதலில் உருவான தேதியிலிருந்து 360 நாளைத் தாண்டவும் முடியாது. அன்றாட லோடுகளுக்கு இது பொருட்டே அன்று. ஆண்டுக்கணக்கில் இழுக்கும் திட்டப்பணிச் சரக்குகளைக் கையாளுபவர்கள் மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

வாகனத்தின் சொந்த ஆவணங்கள் வேறு வரிசையில் காலாவதியாகின்றன. நேஷனல் பெர்மிட் ஐந்து ஆண்டுக்கு வழங்கப்பட்டாலும், பிற மாநிலங்களில் ஓட்டுவதற்கான அங்கீகாரத்தை ஆண்டுதோறும் 16,500 ரூபாய் ஒருங்கிணைந்த கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும். எஃப்சி எனப்படும் தகுதிச் சான்று, எட்டு ஆண்டு வரையுள்ள வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் வாங்க வேண்டியது. இவற்றோடு காப்பீடு, புகைச் சான்று, சொந்த மாநில வாகன வரி. இவற்றில் எதுவும் இ-வே பில்லோடு சேர்ந்து நீளாது. இந்த ஆவணங்கள் அனைத்தின் முடிவுத் தேதிகளையும், வண்டி திரும்பி வரும் உத்தேச நாளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கிளம்பும் நாளோடு ஒப்பிட்டுப் பயனில்லை. டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகன் செயலியிலோ உள்ள பிரதிகள் சட்டப்படி ஏற்கத்தக்கவை.

வழியில் வண்டி மாறும்போது

வண்டி பழுதாகி, அதைச் சரிசெய்துகொண்டு அதே வண்டியே பயணத்தைத் தொடர்ந்தால் பில்லில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. சரக்கை வேறு வண்டிக்கு மாற்றினால், புதிய வண்டி நகர்வதற்கு முன்பே பகுதி பி-யில் அதன் எண்ணைச் சேர்த்தாக வேண்டும். இப்படி எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்: வண்டி எண்ணை மாற்றுவதால் நாள் கணக்கு புதிதாகத் தொடங்குவதில்லை. புது வண்டி எண் ஏறியதும் பில்லும் புதுப்பிக்கப்பட்டுவிட்டது என்ற எண்ணம் ஓட்டுநர்களிடம் பரவலாக இருக்கிறது. முதல் வண்டி எண் ஏறிய நேரத்தில் முடிவான கடைசித் தேதியே, நீட்டிக்கும் வரை, கடைசித் தேதி.

ஒரே லாரியில் முப்பது நாற்பது பேருடைய சரக்கை ஏற்றி அனுப்பும்போது எடுக்கப்படும் ஒருங்கிணைந்த இ-வே பில்லுக்கு என்று தனிச் செல்லுபடிக் காலம் கிடையாது. அதற்குள் இருக்கும் ஒவ்வொரு பில்லும் தனது தேதியில் தனித்தனியாகக் காலாவதியாகும். ஒருவர் நேற்றே பகுதி பி-யை நிரப்பியிருப்பார், இன்னொருவரின் சரக்கு மதுரைக் கிளையிலிருந்து மூன்று நாள் முன்பு கிளம்பியிருக்கும், மற்றொருவரின் சேருமிடம் பாதி வழியிலேயே இருப்பதால் அவருக்கு இரண்டே நாள் கிடைத்திருக்கும். ஆகவே லோடு ஏற்றி முடித்தவுடன் பில்களை முடிவுத் தேதி வரிசையில் அடுக்கி, மிக முன்னதாக முடிவது எது என்று பார்த்து, அதையே அந்த வண்டியின் தேதியாகக் கொள்ள வேண்டும். ஒரு மூட்டையின் பில் முடிந்திருந்தாலும் சோதனைச் சாவடியில் நிற்கப்போவது முழு லாரியும்தான். காலாவதியாகப் போகும் பில்களின் பட்டியலை வலைவாசலே ஓர் அறிக்கையாகத் தருகிறது. அதைத் தினமும் பிற்பகலில் ஒருவர் திறந்து பார்ப்பதை அலுவலக வழக்கமாக்கிவிட்டால், தொல்லையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

நீட்டிப்பது எப்படி

காலம் முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்பிருந்து, முடிந்தபின் எட்டு மணி நேரம் வரை பில்லை நீட்டிக்கலாம். எல்லாப் பில்களும் நள்ளிரவில்தான் முடிகின்றன என்பதால், நடைமுறையில் இது கடைசி நாள் மாலை 4 மணி முதல் மறுநாள் காலை 8 மணி வரை என்று ஆகிறது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அலுவலகம் திறக்கும்போது வாய்ப்பு கைநழுவிப் போயிருக்கும். மாலை 4 மணிக்கு முன்பு முயன்றால் வலைவாசல் ஏற்காது. அதைப் பார்த்துவிட்டு நீட்டிக்கவே முடியாது போலிருக்கிறது என்று கைவிட்டுவிடுவதும் நடக்கிறது. என் பரிந்துரை, கடைசி நாள் மாலை 4 மணிக்கும் 6 மணிக்கும் இடையே இந்த வேலையை முடித்துவிடுவது. நள்ளிரவுக்குப் பிந்தைய எட்டு மணி நேரம் நீட்டிப்பதற்கான அவகாசம்தான். அந்த நேரத்தில் வண்டி ஓடலாம் என்பதற்கான அனுமதி அன்று. விடியற்காலை 3 மணிக்கு வரித் துறையின் பறக்கும் படை நிறுத்தினால், ஓட்டுநரின் கையில் இருப்பது காலாவதியான பில்தான்.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்க்கலாம். சென்னையிலிருந்து மும்பைக்கு மார்ச் 14 அன்று பில் எடுத்துக் கிளம்பிய லாரிக்கு ஏழு நாள். மார்ச் 21 முடியும் நள்ளிரவோடு காலம் முடிகிறது. சித்ரதுர்காவுக்கு அருகே கியர்பாக்ஸ் பழுதாகி, உதிரிப்பாகம் வராமல் வண்டி பட்டறையில் நிற்கிறது. 21 ஆம் தேதி பிற்பகலில், வண்டி அன்று இரவுக்குள் கிளம்பினாலும் மும்பை சேராது என்பது உறுதியாகிவிடுகிறது. அப்போது செய்ய வேண்டியவை இவை. ஓட்டுநரிடம் வாட்ஸ்அப்பில் இருப்பிடத்தை அனுப்பச் சொல்லி, அதற்கு அருகிலுள்ள ஊரின் அஞ்சல் குறியீட்டு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். சித்ரதுர்கா நகரத்துக்கு 577501. மாலை 4 மணிக்குப் பிறகு வலைவாசலில் நீட்டிப்புப் பக்கத்தைத் திறந்து, பில் எண்ணை இட்டு, நீட்டிக்க விரும்புவதாகத் தெரிவிக்க வேண்டும். அங்கே காரணம் கேட்கப்படும்: இயற்கைப் பேரிடர், சட்டம் ஒழுங்கு, சரக்கு மாற்றம், விபத்து, மற்றவை என்று பட்டியல் இருக்கும். இந்த நிகழ்வில் மற்றவை என்பதைத் தேர்ந்தெடுத்து, குறிப்பு என்ற இடத்தில் கியர்பாக்ஸ் பழுது என்றும் வண்டி நின்ற தேதியையும் சுருக்கமாக எழுத வேண்டும். பிறகு, சரக்கு ஓடும் வண்டியில் இருக்கிறதா, வழியில் தங்கியிருக்கிறதா என்ற கேள்வி வரும். அதே வண்டியில் பயணம் தொடர்வதானால் முதலாவதைத் தேர்ந்து வண்டி எண்ணை உறுதிசெய்ய வேண்டும். சரக்கை இறக்கிக் குடோனில் வைத்திருந்தால் இரண்டாவதைத் தேர்ந்து, அது சாலையிலா கிடங்கிலா வேறிடத்திலா என்பதையும் முகவரியையும் தர வேண்டும். கடைசியாக, இப்போதைய இடத்தின் குறியீட்டு எண்ணும் மீதித் தூரமும். மும்பைக்கு இன்னும் சுமார் 790 கிலோமீட்டர் என்றால் நான்கு நாள் கிடைக்கும். மொத்தத் தூரத்துக்குரிய ஏழு நாள் மறுபடியும் கிடைக்காது. பகுதி ஏ-யில் உள்ள எதையும் இந்தப் பக்கத்தில் மாற்ற இயலாது.

குறிப்புப் பகுதியில் ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது தவறு. பின்னாளில் ஓர் அதிகாரியோ மேல்முறையீட்டு அமைப்போ முதலில் படிக்கப்போவது அந்த ஒரு வரியைத்தான். நீட்டித்த பிறகு, புதிய தேதி தாங்கிய படிவத்தை ஓட்டுநரின் கைப்பேசிக்கு அனுப்பி, அவர் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்ய வேண்டும். அதிகாரிகள் பில் எண்ணை வைத்து நேரடியாகவே பார்த்துக்கொள்வார்கள் என்பது உண்மைதான். இருந்தாலும், பழைய தேதியுள்ள தாளை நீட்டிவிட்டு விளக்கம் சொல்லத் திணறும் ஓட்டுநருக்கு அந்த இரவு நீளமாகிவிடும்.

இப்போது ஒரு புதிய இடையூறு சேர்ந்திருக்கிறது. வலைவாசலில் நுழைய இரட்டை அடையாளச் சரிபார்ப்பு 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் கட்டாயம். கடவுச்சொல்லோடு, கைப்பேசிக்கு வரும் ஓடிபி-யும் வேண்டும். அந்த எண் உரிமையாளருடையதாக இருந்து, அவர் திருமண வீட்டிலோ விமானத்திலோ இருந்தால், மாலை 4 மணி அவகாசம் இருந்தும் பயனில்லை. துணைப் பயனர் கணக்குகளை உருவாக்கி, ஒவ்வொருவருக்கும் அவரவர் கைப்பேசி எண்ணையே பதிந்துவிடுவது இதற்குத் தீர்வு. குறுஞ்செய்தி தாமதமாகும் இடங்களில், இணைய இணைப்பு இல்லாமலேயே ஓடிபி காட்டும் என்ஐசி-ஜிஎஸ்டி-ஷீல்டு செயலியைப் பயன்படுத்தலாம். இரவுப் பணியில் இருப்பவரிடம் ஒரு துணைக் கணக்கு இருந்தே தீர வேண்டும். முதன்மை வலைவாசல் திறக்கவில்லை என்றால், 2025 ஜூலை 1 முதல் இயங்கும் இ-வே பில் 2.0 என்ற இரண்டாவது வலைவாசலிலும் நீட்டிக்கும் வசதி இருக்கிறது.

பொது அறிவிப்பு வந்து காலம் தானாக நீளும் என்று எதிர்பார்த்திருப்பது வீண். 2020 கொரோனா ஊரடங்கில் வழியில் சிக்கிய பில்களின் காலத்தை அரசே ஜூன் 30 வரை நீட்டித்தது. அது அசாதாரணமான ஒரு காலத்துக்கு உரியது. வெள்ளத்திலோ வேலைநிறுத்தத்திலோ சிக்கிய வண்டிக்கு அவரவர்தான் நீட்டித்துக்கொள்ள வேண்டும்.

அவகாசம் கடந்துவிட்டால்

காலை 8 மணியும் கடந்து, பில் நீட்டிக்கப்படவில்லை என்று தெரிந்தால், முதல் வேலை வண்டியை நிறுத்துவது. இன்னும் நூறு கிலோமீட்டர்தானே என்று ஓட்டச் சொல்வதுதான் இந்தத் தொழிலில் மிக அதிகமாகச் செலவு வைக்கும் முடிவு. ஜிஎஸ்டி சட்டத்தின் 129 ஆம் பிரிவின்படி, பிடிபட்ட சரக்கின் உரிமையாளர் முன்வந்தால் அபராதம், செலுத்த வேண்டிய வரியின் இருமடங்கு. பத்து லட்சம் ரூபாய்ச் சரக்குக்கு 18 விழுக்காடு வரி என்றால் வரி 1,80,000. அபராதம் 3,60,000 ரூபாய். உரிமையாளர் முன்வராவிட்டால், சரக்கு மதிப்பில் பாதி அல்லது வரியின் இருமடங்கு, இவற்றில் எது அதிகமோ அது. தடுத்து வைத்த ஏழு நாளுக்குள் அறிவிப்பும், அறிவிப்பு கிடைத்த ஏழு நாளுக்குள் ஆணையும் வர வேண்டும். ஆணை கிடைத்துப் பதினைந்து நாளுக்குள் கட்டாவிட்டால் சரக்கை விற்கவும் அதிகாரம் உண்டு. வண்டியை மட்டும் மீட்க விரும்பும் போக்குவரத்தாளர், அந்த அபராதம் அல்லது ஒரு லட்சம் ரூபாய், இரண்டில் குறைவானதைச் செலுத்தி வண்டியை எடுத்துக்கொள்ளலாம். எழுத்துப் பிழை போன்ற சிறு தவறுகளுக்கு ஆயிரம் ரூபாய் அபராதத்தோடு விட்டுவிடச் சொல்லும் 64 ஆம் எண் சுற்றறிக்கையின் பட்டியலில், காலாவதியான பில் இடம்பெறவில்லை.

ஒரு விலைப்பட்டியலுக்கு ஒரு பில் என்ற அடிப்படையில் வலைவாசல் இயங்குவதால், அதே விலைப்பட்டியல் எண்ணுக்கு இரண்டாவது பில் எடுக்க முயன்றால் ஏற்காது. அதற்காக எண்ணைச் சற்றே மாற்றிப் புதிய பில் எடுக்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்கக் கூடாது. காலாவதி என்ற குறையோடு போலி ஆவணம் என்ற குற்றமும் சேர்ந்துகொள்ளும். வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, அனுப்புநருக்கும் பெறுநருக்கும் எழுத்தில் தெரிவித்து, வரி ஆலோசகரின் வழிகாட்டுதலோடு அடுத்த அடி வைப்பதே முறை.

இந்த நிலையில் காப்பாற்றக்கூடியவை சான்றுகள். காகித வணிக நிறுவனம் ஒன்றின் சரக்கு, போராட்டத்தால் ஏற்பட்ட போக்குவரத்து நெரிசலில் சிக்கி, பில் காலாவதியானதற்காகத் தெலங்கானாவில் தடுத்து வைக்கப்பட்டது. பில் காலாவதியானதை மட்டும் வைத்து வரி ஏய்க்கும் நோக்கம் இருந்ததாகக் கருத முடியாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 2022 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்து, துறை செலுத்த வேண்டிய வழக்குச் செலவை 10,000 ரூபாயிலிருந்து 69,000 ரூபாயாக உயர்த்தியது. இந்தத் தீர்ப்பு இருக்கிறது என்ற தைரியத்தில் நீட்டிக்காமல் விடுவது அறிவீனம். தீர்ப்பைப் பெற அந்த நிறுவனம் இரண்டு ஆண்டு நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. தவிர, தாமதத்துக்கு உண்மையான காரணம் இருந்தது என்பதைக் காட்ட ஆதாரம் வேண்டும். ஜிபிஎஸ் பதிவு, சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கழிவு விவரம், பட்டறை ரசீது, நேரம் பதிந்த படங்கள், விபத்தானால் காவல் நிலையப் பதிவின் நகல் ஆகியவற்றை வண்டி நின்ற அன்றே சேகரித்துவிட வேண்டும். ஒரு மாதம் கழித்துப் பட்டறைக்காரரைத் தேடிப் போனால் ரசீது கிடைக்காது.

சோதனையின்போது

விலைப்பட்டியல் அல்லது டெலிவரி சலான், இ-வே பில்லின் நகல் அல்லது எண், இவ்விரண்டும் ஓட்டுநரிடம் இருந்தால் போதும். ஒரு மாநிலத்தில் முழுமையாகச் சோதிக்கப்பட்ட சரக்கை, வரி ஏய்ப்புப் பற்றிய குறிப்பான தகவல் இல்லாமல் வழியில் மறுபடியும் சோதிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. சோதனை அறிக்கையின் சுருக்கத்தை அதிகாரி 24 மணி நேரத்துக்குள் வலைவாசலில் ஏற்ற வேண்டும் என்பதால், அடுத்த மாநிலத்தில் நிறுத்தப்பட்டால் அதைக் காட்டலாம். முப்பது நிமிடத்துக்கு மேல் வண்டி நிறுத்தி வைக்கப்பட்டால், இ-வே பில் 04 என்ற படிவத்தில் போக்குவரத்தாளர் அதைப் பதிவு செய்யலாம். அதிகம் பேர் தொடாத படிவம் அது. காலம் முடியும் தறுவாயில் இருக்கும் பில்லுக்கு, தாமதம் எங்கே ஏற்பட்டது என்பதற்கு அதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது.

சேருமிடத்தில்

வண்டி ஊர் சேர்ந்துவிட்டது என்ற செய்தி வந்ததும் அலுவலகத்தில் பில்லை மறந்துவிடுவார்கள். சனிக்கிழமை மாலை தொழிற்சாலை வாசலுக்குப் போய்ச் சேர்ந்த லாரி, திங்கட்கிழமைதான் இறக்குவோம் என்று சொல்லப்பட்டு வெளிச்சாலையில் நிற்கும். பில் ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவில் முடியும். சரக்கு பெறுநரிடம் ஒப்படைக்கப்படவில்லை என்பதால் பயணம் முடிந்ததாகக் கொள்ள முடியாது. ஞாயிறு மாலை 4 மணிக்கு, எஞ்சிய ஒன்றிரண்டு கிலோமீட்டருக்காகவேனும் நீட்டித்துவிடுவது பாதுகாப்பு. வாசல் பதிவேட்டில் வண்டி நுழைந்த நேரத்தையோ, காவலாளியின் முத்திரையையோ ஓட்டுநர் வாங்கிவைத்துக்கொள்வதும் நல்லது.

போக்குவரத்து நிறுவனத்தின் குடோனையே பெறுநர் தமது கூடுதல் வணிக இடமாக ஜிஎஸ்டி பதிவில் சேர்த்திருந்தால், சரக்கு அந்தக் குடோனை அடைந்ததுமே பயணம் முடிந்ததாகக் கொள்ளப்படும். அதன்பின் நீட்டிக்கத் தேவையில்லை என்று 2018 செப்டம்பரில் வந்த 61 ஆம் எண் சுற்றறிக்கை தெளிவுபடுத்துகிறது. துணிச் சரக்கை வாரக்கணக்கில் குடோனிலேயே வைத்து, தேவைக்கு எடுக்கும் வணிகர்களுக்கு இது பெரிய வசதி. அப்படிச் சேர்க்காத குடோனில் சரக்கு கிடந்தால், அது இன்னும் வழியில் இருப்பதாகவே பொருள், பில்லின் கடிகாரமும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

பெறுநர் சரக்கை ஏற்க மறுத்துவிட்டால், அதே பில்லில் வண்டியைத் திருப்பக் கூடாது. அனுப்புநர் அல்லது பெறுநரின் உதவியோடு, விற்பனைத் திருப்பம் என்று குறிப்பிட்டுப் புதிய பில் எடுக்க வேண்டும். அதற்குரிய தூரமும் நாள் கணக்கும் சேருமிடத்திலிருந்து புதிதாகத் தொடங்கும்.